ஆங்கிலத்தில் வினைக்குப் பின் வினை: 'டு' போடுவதா, 'இங்' போடுவதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கில வாக்கியங்களை எல்லாம் தமிழ் எழுத்திலேயே ஒற்றை மேற்கோளுக்குள் போட்டிருக்கிறேன். வாய்விட்டுப் படியுங்கள். இந்த விஷயம் கண்ணைவிடக் காதுக்குத்தான் சீக்கிரம் பிடிபடும்.

இந்தப் பக்கம் எதைப் பற்றி?

ஒரு வினைச்சொல்லை அடுத்து இன்னொரு வினைச்சொல் வரும் இடத்தைப் பற்றி மட்டும். 'ஐ வாண்ட் டு கோ', 'ஐ என்ஜாய் ரீடிங்', 'ஐ கேன் ஸ்விம்', 'ஐ ஹேவ் ஈட்டன்' ஆகிய நாலு வாக்கியங்களைப் பாருங்கள். நாலிலும் இரண்டாவது வினை நாலு விதமாக வந்திருக்கிறது. முதலாவதில் 'டு'வோடு, இரண்டாவதில் 'இங்' ஒட்டிக்கொண்டு, மூன்றாவதில் எதுவும் ஒட்டாத வெறும் வினையாக, நாலாவதில் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வடிவம் என்று சொல்லிக்கொடுத்தார்களே, 'கோ, வென்ட், கான்' என்று ஒப்பித்ததில் கடைசியாக வந்த 'கான்', அந்த வடிவத்தில். டென்ஸ் எல்லாம் ஓரளவு கைவந்தவர்கள்கூட இந்த இடத்துக்கு வந்ததும் ஒரு நொடி தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தைப் போக்கத்தான் இவ்வளவும்.

இரண்டாவது வினை எந்த வடிவில் வரும் என்பதை எது முடிவு செய்கிறது?

முதல் வினைதான். 'வாண்ட்' வந்தால் பின்னால் 'டு' வந்தே ஆக வேண்டும், 'என்ஜாய்' வந்தால் 'இங்', 'கேன்' வந்தால் வெறும் வினை, 'ஹேவ்' துணைவினையாக வந்தால் மூன்றாம் வடிவம். வாக்கியம் நேற்று நடந்ததைச் சொல்கிறதா நாளை நடக்கப்போவதைச் சொல்கிறதா என்பதெல்லாம் இரண்டாவது வினைக்குச் சம்பந்தமே இல்லாத விஷயம். காலம் முழுவதும் முதல் வினையின் பொறுப்பு. அதனால்தான் 'ஐ வாண்டட் டு வென்ட்' தவறு. 'வாண்டட்' என்றபோதே இறந்தகாலம் சொல்லியாகிவிட்டது, மறுபடி ஒரு தடவை சொல்ல வேண்டியதில்லை.

அப்படியென்றால் 'டு' வாங்கும் வினைகள், 'இங்' வாங்கும் வினைகள் என்று பட்டியலை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி இல்லையா?

இருக்கிறது. இலக்கணப் புத்தகங்கள் இதைச் சொல்லித்தராதது எனக்குப் பெரிய ஆதங்கம். ஆங்கிலக்காரர்கள் இங்கே செய்யும் அதே வேலையை நாம் தமிழில் பேச ஆரம்பித்த நாளிலிருந்து செய்துகொண்டிருக்கிறோம். 'போக மறுத்தான்' என்கிறோம், 'போவதைத் தவிர்த்தான்' என்கிறோம், 'போய்ப் பார்த்தான்' என்கிறோம். 'போகத் தவிர்த்தான்' என்று ஒரு குழந்தைகூடச் சொல்லாது. எந்த வினைக்கு முன்னால் எந்த வடிவம் என்பதை நமக்கு யாரும் பட்டியல் போட்டுச் சொல்லவில்லை, ஆனாலும் தெரிகிறது. தொல்காப்பியம் 'செய்து', 'செய', 'செயற்கு' என்று வினையெச்சத்துக்கு ஒன்பது வாய்பாடுகளை அன்றே வகுத்து வைத்திருக்கிறது. இந்தப் பழக்கம் நம் மொழியின் அடித்தளத்திலேயே இருக்கிறது.

சரி, இதை ஆங்கிலத்துக்கு எப்படிப் பயன்படுத்துவது? சொல்ல வந்ததை முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். முதல் வடிவம் 'செய்ய' என்று முடிந்தால் பெரும்பாலும் ஆங்கிலத்தில் 'டு'. 'செய்வதை' அல்லது 'செய்ததை' என்று வந்தால் பெரும்பாலும் 'இங்'. போக மறுத்தான், 'ஹி ரெஃப்யூஸ்ட் டு கோ'. போக முடிவு செய்தான், 'ஹி டிசைடட் டு கோ'. போவதைத் தவிர்த்தான், 'ஹி அவாய்டட் கோயிங்'. போவதைத் தள்ளிப்போட்டான், 'ஹி போஸ்ட்போன்ட் கோயிங்'.

மறுத்தான் என்ற ஒரு சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 'பணம் வாங்க மறுத்தான்', 'பணம் வாங்கியதை மறுத்தான்'. முதல் ஆள் நேர்மையானவன், இரண்டாவது ஆள் மாட்டிக்கொண்டவன். ஆங்கிலம் இதற்கு இரண்டு வேறு வினைகளை வைத்திருக்கிறது: 'ரெஃப்யூஸ்ட் டு டேக்', 'டினைட் டேக்கிங்'. 'செய்ய'வுக்கு 'டு', 'செய்ததை'க்கு 'இங்', கணக்கு அப்படியே ஒத்துப்போகிறது. ஒப்புக்கொள்வதும் அப்படித்தான்: செய்வதாக ஒப்புக்கொண்டான் என்றால் 'அக்ரீட் டு டூ', செய்ததாக ஒப்புக்கொண்டான் என்றால் 'அட்மிட்டட் டூயிங்'.

ஏன் இப்படி ஒத்துப்போகிறது? தற்செயலா?

முழுக்கத் தற்செயல் என்று சொல்லிவிட முடியாது. ஆங்கிலத்தின் 'டு' முதலில் திசையைக் காட்டும் ஒரு சொல், 'டு சென்னை' என்றால் சென்னைக்கு. பழைய ஆங்கிலத்தில் வெறும் வினையெச்சத்துக்கு 'அன்' என்று ஒரு விகுதி இருந்தது, நோக்கத்தைச் சொல்ல வேண்டுமானால் முன்னால் 'டு' சேர்த்து வேறொரு விகுதியும் போட்டார்கள். பிறகு சில நூற்றாண்டுகளில் விகுதிகள் தேய்ந்து உதிர்ந்துபோக 'டு' மட்டும் தங்கிவிட்டது. அதனால் 'டு' வரும் இடத்தில் இன்னும் நடக்காத, இனிமேல் நடக்க வேண்டிய செயலின் வாடை அடிக்கும்: 'வாண்ட்', 'ஹோப்', 'ப்ளான்', 'டிசைட்', 'ப்ராமிஸ்', 'எக்ஸ்பெக்ட்' எல்லாம் எதிரே பார்ப்பவை. நம்முடைய 'செய்ய'வும் 'செய்வதற்கு'வும் அதே வேலையைச் செய்பவை.

'இங்' வந்த வழி வேறு. அது பெயர்ச்சொல் விகுதி, நம் தொழிற்பெயர் மாதிரி. செயலை ஒரு பொருளாக்கி மேசைமேல் வைத்துவிடும். பொருளாக இருப்பதை ரசிக்கலாம், தவிர்க்கலாம், முடிக்கலாம், தள்ளிப்போடலாம், மறுக்கலாம். 'என்ஜாய்', 'அவாய்ட்', 'ஃபினிஷ்', 'போஸ்ட்போன்', 'டினை' எல்லாம் 'இங்' கேட்பதற்குக் காரணம் இதுதான்.

ஒரே வினைக்குப் பின்னால் இரண்டும் வருகிறதே, பொருள் மாறுமா?

சில வினைகளில் மாறும். தமிழ்க் காது மிக அழகாகக் கைகொடுக்கும் இடம் இது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

'ஐ ஸ்டாப்ட் டு ட்ரிங்க் டீ' என்றால் டீ குடிக்க நின்றேன். 'ஐ ஸ்டாப்ட் ட்ரிங்கிங் டீ' என்றால் டீ குடிப்பதை நிறுத்திவிட்டேன். முதலாவதில் ஒரு டீ உள்ளே போயிருக்கிறது, இரண்டாவதில் டீயே வாழ்க்கையிலிருந்து போய்விட்டது.

'ஐ ஃபர்காட் டு லாக் த டோர்', கதவைப் பூட்ட மறந்துவிட்டேன், கதவு திறந்து கிடக்கிறது. 'ஐ ஃபர்காட் லாக்கிங் த டோர்', கதவைப் பூட்டியதை மறந்துவிட்டேன், கதவு பூட்டித்தான் இருக்கிறது, எனக்குத்தான் நினைவில்லை. 'ரிமெம்பர்' வினையும் இதே மாதிரி: 'ரிமெம்பர் டு லாக்' என்றால் பூட்ட மறக்காதே, 'ஐ ரிமெம்பர் லாக்கிங்' என்றால் பூட்டியது நினைவிருக்கிறது. ஊருக்குக் கிளம்பிப் பேருந்தில் ஏறி உட்கார்ந்தபிறகு வீட்டில் உள்ளவர்கள் கேட்பது இந்த இரண்டாவது வாக்கியத்தைத்தான்.

'ட்ரை' எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். 'ஐ ட்ரைட் டு ஓபன் த விண்டோ' என்றால் ஜன்னலைத் திறக்க முயன்றேன், திறப்பதே கஷ்டமாக இருந்தது. 'ஐ ட்ரைட் ஓபனிங் த விண்டோ' என்றால் ஜன்னலைத் திறந்து பார்த்தேன், திறந்துவிட்டது, அறை குளிர்கிறதா என்று பார்ப்பதற்காகத் திறந்தேன். பல ஆங்கிலப் புத்தகங்கள் இந்த வித்தியாசத்தை விளக்க ஒரு பத்தி முழுவதும் எடுத்துக்கொள்ளும். தமிழில் 'திறக்க முயன்றேன்', 'திறந்து பார்த்தேன்', அவ்வளவுதான். 'செய்து பார்' என்று வாயில் வந்தால் 'ட்ரை'யோடு 'இங்'.

'ரிக்ரெட்': வேலைக்கு விண்ணப்பித்தவர்களுக்கு வரும் கடிதத்தில் 'வீ ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ' என்று இருக்கும், தெரிவிக்க வருந்துகிறோம் என்று பொருள், செய்தி அடுத்த வரியில் வரப்போகிறது. 'ஐ ரிக்ரெட் டெல்லிங் யூ' என்றால் உன்னிடம் சொன்னதற்கு வருந்துகிறேன், சொல்லித் தொலைத்தாயிற்று.

'மீன்', 'கோ ஆன்' இரண்டும் இந்தக் கூட்டம்தான். 'ஐ டிட் நாட் மீன் டு ஹர்ட் யூ' என்றால் உன் மனதைப் புண்படுத்த நினைக்கவில்லை. 'திஸ் ஜாப் மீன்ஸ் ட்ராவலிங்' என்றால் இந்த வேலைக்குப் போனால் ஊர் ஊராகச் சுற்ற வேண்டியிருக்கும். 'ஷி வென்ட் ஆன் டாக்கிங்', பேசிக்கொண்டே போனாள். 'ஷி வென்ட் ஆன் டு டாக் அபவுட் மணி', அடுத்ததாகப் பணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

'லைக்', 'லவ்', 'பிகின்', 'ஸ்டார்ட்' இவற்றுக்கும் இப்படி வித்தியாசம் உண்டா?

கவலைப்படும் அளவுக்கு இல்லை. எதைப் போட்டாலும் சரி. ஒரே ஒரு விஷயம்: 'பிகின்' வினையே 'இங்' போட்டு வந்துவிட்டால் பின்னால் இன்னொரு 'இங்' காதுக்கு இடிக்கும், அதனால் 'இட் இஸ் பிகின்னிங் டு ரெய்ன்' என்பார்கள்.

தமிழ்க் காது எங்கே ஏமாற்றும்?

இதையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. சில இடங்களில் தமிழ் 'செய்ய' என்று சொல்லும், ஆங்கிலம் 'இங்' கேட்கும். உங்களைச் சந்திக்க ஆவலாக இருக்கிறேன் என்பதற்கு 'ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ' என்றுதான் சொல்ல வேண்டும். எனக்குப் படிக்கப் பிடிக்கும் என்பதற்கு 'லைக்' போட்டால் இரண்டும் சரி, 'என்ஜாய்' போட்டால் 'என்ஜாய் ரீடிங்' மட்டும்தான். சிரிக்காமல் இருக்க முடியவில்லை என்பது 'ஐ குட் நாட் ஹெல்ப் லாஃபிங்'. 'வுட் யூ மைண்ட் ஓபனிங் த டோர்' என்று யாராவது கேட்டால் அதன் நேர்ப்பொருள் கதவைத் திறப்பதில் உங்களுக்கு ஆட்சேபம் உண்டா என்பது. உதவி செய்ய நினைப்பவர் 'நாட் அட் ஆல்' என்று சொல்ல வேண்டும். பழக்கதோஷத்தில் வெறுமனே 'யெஸ்' என்றால் ஆட்சேபம் உண்டு என்று ஆகிவிடும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. தமிழில் 'செய்வதாக' என்று வருகிற இடங்களில், வருவதாக வாக்குக் கொடுத்தான், போய்விடுவதாக மிரட்டினான் என்பவற்றில், ஆங்கிலம் 'டு' போடும்: 'ப்ராமிஸ்ட் டு கம்', 'த்ரெட்டன்ட் டு லீவ்'. இனிமேல் நடக்க வேண்டிய செயல் என்ற கோணத்தில் பார்த்தால் இதுவும் புரிந்துவிடும்.

இப்படி ஏமாற்றும் வினைகளை மட்டும் தனியாக ஒரு தாளில் எழுதி வையுங்கள். மனப்பாடம் செய்ய வேண்டியது இவ்வளவுதான்.

'லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங்' என்பதில் 'டு'வும் இருக்கிறது, 'இங்'கும் இருக்கிறது. எப்படி?

அந்த 'டு' வினையோடு சேர்ந்தது இல்லை, முன்னிடைச்சொல், அதாவது ப்ரெபொசிஷன். 'சென்னைக்கு' என்பதில் 'கு' இருக்கிற மாதிரி. சோதித்துப் பார்க்க எளிய வழி, 'டு'வுக்குப் பின்னால் ஒரு பெயர்ச்சொல்லைப் போட்டுப் பாருங்கள். 'ஐ லுக் ஃபார்வர்ட் டு த ஹாலிடேஸ்' சரியாக வருகிறது, அதனால் வினையும் பெயராக மாறி 'மீட்டிங்' என்று வர வேண்டும். 'ஐ டிசைடட் டு த ஹாலிடேஸ்' வராது, அதனால் அங்கே 'டு கோ'. 'அப்ஜெக்ட் டு', 'பி யூஸ்ட் டு' இரண்டும் 'லுக் ஃபார்வர்ட் டு' கட்சி. 'இன்சிஸ்ட் ஆன்', 'சக்ஸீட் இன்', 'குட் அட்' என்று வேறு எந்த முன்னிடைச்சொல் வந்தாலும் பின்னால் 'இங்' தான்.

'யூஸ்ட் டு' எப்போதும் குழப்புகிறது.

'ஐ யூஸ்ட் டு வாக்' என்றால் ஒரு காலத்தில் நடப்பேன், இப்போது இல்லை. 'ஐ ஆம் யூஸ்ட் டு வாக்கிங்' என்றால் நடந்து பழக்கப்பட்டவன். முன்னால் 'ஆம், இஸ், வாஸ்' எதுவும் இல்லையென்றால் வெறும் வினை, இருந்தால் 'இங்'. நம் ஊரில் 'ஐ யூஸ் டு வாக் டெய்லி' என்று தினப்பழக்கத்துக்குச் சொல்வது நிறையக் காதில் விழுகிறது. பொது ஆங்கிலத்தில் இது செல்லாது. 'ஐ வாக் டெய்லி' என்றாலே பழக்கம் என்ற பொருள் வந்துவிடும்.

'டிட் யூ வென்ட்', 'ஹி கேன் ஏபிள் டு கம்', 'ஹி கேன் கம்ஸ்' இவையெல்லாம் ஏன் தவறு?

மூன்றிலும் ஒரே காரணம்: முதல் வினை செய்து முடித்த வேலையை இரண்டாவது வினை மறுபடி செய்கிறது. 'டிட்' இறந்தகாலத்தைத் தாங்கிவிட்டது, பின்னால் 'கோ' போதும். 'கேன்' என்றாலே முடியும், 'ஏபிள் டு' என்றாலும் முடியும், இரண்டில் ஒன்று போதும்: 'ஹி கேன் கம்' அல்லது 'ஹி இஸ் ஏபிள் டு கம்'.

'கேன், குட், மே, மைட், ஷல், ஷுட், வில், வுட், மஸ்ட்' ஆகிய ஒன்பதுக்கும் பின்னால் வெறும் வினைதான் வரும், 'டு'வும் கிடையாது, 'எஸ்' விகுதியும் கிடையாது. 'ஹி கேன்ஸ்' என்று ஏன் வருவதில்லை என்று சிலர் கேட்பார்கள், நல்ல கேள்வி. இவற்றில் பெரும்பாலானவை மிகப் பழங்காலத்தில் இறந்தகால வடிவமாக இருந்து, பிறகு நிகழ்கால அர்த்தத்துக்கு நகர்ந்தவை; இறந்தகாலத்தில் 'ஹி வென்ட்ஸ்' என்று 'எஸ்' சேராது அல்லவா, அந்தப் பழக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

'மே ஹேவ் பீன்', 'ஹேட் பீன் பீயிங்' என்று வரிசையாக வந்தால் தலை சுற்றுகிறது. இதற்கு ஒழுங்கு உண்டா?

கல்லில் செதுக்கிய ஒழுங்கு. 'மே' போன்றவை முதலில், அடுத்து 'ஹேவ்', அடுத்து தொடர்ச்சியைக் காட்டும் 'பி', அடுத்து செயப்பாட்டுவினையின் 'பி', கடைசியில் முக்கிய வினை. முக்கிய வினையைத் தவிர எதை வேண்டுமானாலும் விடலாம், இடம் மாற்றக் கூடாது. ஒவ்வொன்றும் தனக்கு அடுத்ததன் வடிவத்தை மட்டும் முடிவு செய்யும். 1957-இல் மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி இந்த வரிசையை ஒரே வரியில் அடங்கும் சூத்திரமாக எழுதிக் காட்டினார்.

இப்போது 'ஹி மே ஹேவ் பீன் பீயிங் வாட்ச்ட்' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்திலேயே அபூர்வமான நீளம். தமிழில்: அவன் கண்காணிக்கப்பட்டுக்கொண்டிருந்திருக்கலாம். இந்தத் தமிழ்ச் சொல்லைக் கடைசியிலிருந்து பிரித்துப் பாருங்கள். 'லாம்' என்பது 'மே'. 'இருக்க' என்பது 'ஹேவ்'. 'கொண்டிருந்து' என்பது தொடர்ச்சியின் 'பீன்'. 'பட்டு' என்பது செயப்பாட்டின் 'பீயிங்'. 'கண்காணிக்க' என்பது 'வாட்ச்ட்'. அதே ஐந்து, அதே வரிசை, தலைகீழாக! ஆங்கிலம் இடமிருந்து வலமாக அடுக்குவதைத் தமிழ் வலமிருந்து இடமாக அடுக்குகிறது. ஆங்கிலத்தில் ஒவ்வொன்றும் அடுத்ததன் வடிவத்தை முடிவு செய்வது போலத் தமிழில் ஒவ்வொன்றும் தனக்கு முந்தியதன் வடிவத்தை முடிவு செய்கிறது. 'கொண்டிரு'வுக்கு முன்னால் 'செய்து' வேண்டும், 'படு'வுக்கு முன்னால் 'செய்ய' வேண்டும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுக்கவே இல்லை.

ஆகவே நீளமான ஆங்கில அடுக்கு வந்தால் பயப்பட வேண்டாம், தமிழ்ச் சொல்லைப் பின்னாலிருந்து படியுங்கள். போக வேண்டியிருந்திருக்கலாம்: லாம், இருக்க, வேண்டியிருந்து, போக. 'மே ஹேவ் ஹேட் டு கோ'.

'போயிருக்க வேண்டும்' என்பதை எப்படிச் சொல்வது? 'மஸ்ட் ஹேவ் கான்' சரியா?

எந்தப் 'போயிருக்க வேண்டும்' என்பதைப் பொறுத்தது. தமிழில் இது இரண்டு பொருள் தரும். வண்டியைக் காணோம், அவர் போயிருக்க வேண்டும் என்பது ஊகம்: 'ஹி மஸ்ட் ஹேவ் கான்'. அந்தக் கல்யாணத்துக்கு நான் போயிருக்க வேண்டும், போகாமல் விட்டுவிட்டேன் என்பது வருத்தம்: 'ஐ ஷுட் ஹேவ் கான்'. மூன்றாவதாக, போக வேண்டியிருந்தது என்பது உண்மையிலேயே போனதைச் சொல்கிறது: 'ஐ ஹேட் டு கோ'.

'சொல்லியிருக்கலாம்' என்பதும் இதே போலத்தான். அவர் யாரிடமாவது சொல்லியிருக்கலாம் என்று ஊகித்தால் 'மே ஹேவ் டோல்ட்'. நீ என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று மனத்தாங்கலோடு சொன்னால் 'யூ குட் ஹேவ் டோல்ட் மி'. தமிழில் குரல் காட்டும் வித்தியாசத்தை ஆங்கிலத்தில் முதல் வினை காட்டுகிறது.

'ஹேவ் ஹேட்' என்று இரண்டு தடவை வருவது சரிதானா?

சரிதான். 'ஐ ஹேவ் ஹேட் மை லன்ச்' என்பதில் முதலாவது துணைவினை, இரண்டாவது சாப்பிட்டதைச் சொல்லும் முக்கிய வினை. 'ஹேட் ஹேட்' என்றும் வரும்.

'மேக்', 'லெட்' பின்னால் 'டு' கிடையாது என்கிறார்கள். ஆனால் 'வாஸ் மேட் டு வெயிட்' என்று படித்தேனே?

இரண்டும் சரி. 'தே மேட் மி வெயிட்', என்னைக் காக்க வைத்தார்கள். செயப்பாட்டுவினையாகத் திருப்பியதும் 'டு' வந்துவிடும்: 'ஐ வாஸ் மேட் டு வெயிட்'. 'லெட்' பின்னால் 'டு' வராது, ஆனால் அதே பொருளுள்ள 'அலவ்' பின்னால் வரும்: 'லெட் மி கோ', 'அலவ் மி டு கோ'. 'ஹெல்ப்' இரண்டுக்கும் சம்மதிக்கும்.

'முடி வெட்டிக்கொண்டேன்' என்பதற்கு 'ஐ கட் மை ஹேர்' என்றேன், கேட்டவர் முழித்தார்.

கத்தரிக்கோலை நீங்களே எடுத்து வெட்டிக்கொண்டதாக அவர் நினைத்திருப்பார். வேறொருவர் கையால் நமக்காக ஒரு வேலை நடந்தால் ஆங்கிலம் 'ஹேவ்' அல்லது 'கெட்' போட்டு, பொருளை நடுவில் வைத்து, கடைசியில் மூன்றாம் வடிவத்தை வைக்கும்: 'ஐ ஹேட் மை ஹேர் கட்', 'ஐ காட் மை ஹேர் கட்'. வரிசையில் கவனம் வேண்டும். 'ஐ ஹேட் கட் மை ஹேர்' என்று இடம் மாறினால் அதற்கு முன்பே என் முடியை நானே வெட்டியிருந்தேன் என்று கதை மாறிவிடும். செய்யும் ஆளைச் சொல்ல வேண்டுமானால் 'ஐ ஹேட் ஹிம் ஃபிக்ஸ் த டாப்', 'ஐ காட் ஹிம் டு ஃபிக்ஸ் த டாப்'; இரண்டுக்கும் அவரை வைத்துக் குழாயைச் சரிபார்த்தேன் என்றுதான் பொருள், 'கெட்' பக்கம் மட்டும் 'டு' வேண்டும்.

'ஐ சா ஹிம் கிராஸ்', 'ஐ சா ஹிம் கிராஸிங்', எது சரி?

இரண்டும். 'கிராஸ்' என்றால் அவர் சாலையைக் கடந்து முடித்ததுவரை பார்த்தேன். 'கிராஸிங்' என்றால் கடந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன், மறுபக்கம் போய்ச் சேர்ந்தாரா என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. விபத்தைப் பார்த்தவர் சாட்சி சொல்லும்போது இந்த ஒரு 'இங்' பெரிய விஷயமாகிவிடும்.

'ஹி சஜெஸ்டட் மி டு கோ' என்று எழுதினால் ஏன் திருத்துகிறார்கள்? 'ஐ வாண்ட் தட் யூ கம்' ஏன் தவறு?

நம் தமிழ் அமைப்பு நேராக ஆங்கிலத்துக்குள் போய்விடும் இரண்டு இடங்கள் இவை. 'என்னைப் போகச் சொன்னார்' என்பதற்கு 'ஹி டோல்ட் மி டு கோ' சரி, 'அட்வைஸ்ட் மி டு கோ' சரி, ஆனால் 'சஜெஸ்ட்' அந்த அமைப்பை ஏற்காது. 'ஹி சஜெஸ்டட் கோயிங்' அல்லது 'ஹி சஜெஸ்டட் தட் ஐ கோ'. 'வாண்ட்' நேர் எதிர்: நீ வரவேண்டும் என்று விரும்புகிறேன் என்பதில் உள்ள 'என்று'வை 'தட்' ஆக்காமல் 'ஐ வாண்ட் யூ டு கம்' என்று சொல்ல வேண்டும்.

இதோடு ஒட்டிய இன்னொன்று. 'ஹி ஆஸ்க்ட் மி டு கம்' என்றால் வர வேண்டியது நான். 'ஹி ப்ராமிஸ்ட் மி டு கம்' என்றால் வரப்போவது அவன். வெளியே பார்க்க ஒரே அமைப்பு, வருகிற ஆள் மட்டும் வேறு. தமிழில் 'என்னை வரச் சொன்னான்', 'வருவதாக எனக்கு வாக்குக் கொடுத்தான்' என்று உருபே காட்டிக்கொடுத்துவிடும்.

'நாட்' எங்கே போடுவது?

எதை மறுக்கிறீர்களோ அதற்கு முன்னால். 'ஐ டிட் நாட் டிசைட் டு கோ', போக முடிவு செய்யவில்லை, இன்னும் யோசனையில் இருக்கிறேன். 'ஐ டிசைடட் நாட் டு கோ', போகாமல் இருக்க முடிவு செய்தேன், யோசித்து முடித்தாயிற்று. அலுவலகக் கடிதத்தில் இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் வேறு முடிவு போய்ச் சேரும்.

எந்த வினைக்கு எது என்று சந்தேகம் வந்தால் எங்கே பார்ப்பது?

ஆங்கிலம் கற்பவர்களுக்கென்று எழுதப்பட்ட அகராதியில். சாதாரண ஆங்கிலம்-தமிழ் அகராதி பொருளை மட்டும் சொல்லும். ஜப்பானில் ஆங்கில ஆசிரியராக இருந்த ஏ.எஸ். ஹார்ன்பி, வேற்றுமொழிக்காரர்கள் தடுமாறுவது பொருளில் அல்ல, வினைக்குப் பின்னால் என்ன வரும் என்பதில்தான் என்று கண்டு, வினை அமைப்புகளை வகைப்படுத்தி எண் கொடுத்து அகராதியிலேயே சேர்த்தார். அது 1942-இல் டோக்கியோவில் வெளிவந்தது, 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் எடுத்து வெளியிட்டது. இன்று நம் கடைகளில் கிடைக்கும் தடியான ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ் அகராதி அதன் வழிவந்ததுதான். இப்போதைய பதிப்புகளில் எண்கள் இல்லை, ஒவ்வொரு வினைக்கும் கீழே 'டூயிங் சம்திங்', 'டு டூ சம்திங்' என்று நேரடியாகவே போட்டிருப்பார்கள். இணையத்தில் இலவசமாகவும் பார்க்கலாம். ஒரு வினையைத் தேடும்போது அர்த்தத்தைப் பார்த்ததும் பக்கத்தை மூடிவிடாமல் அந்த ஒரு வரியையும் பாருங்கள், அப்புறம் அதே வினையை வைத்து உங்கள் வீட்டைப் பற்றியோ வேலையைப் பற்றியோ ஒரு வாக்கியம் சொல்லிவிடுங்கள்.

'கோ ஷாப்பிங்' என்கிறோம், 'கோ ஈட்டிங்' என்று ஏன் சொல்வதில்லை?

'கோ' பின்னால் 'இங்' வருவது பெரும்பாலும் வெளியே கிளம்பிப் போய்ச் செய்யும் பொழுதுபோக்குகளுக்கும் விளையாட்டுகளுக்கும்: 'ஷாப்பிங், ஸ்விம்மிங், ஃபிஷிங், டான்ஸிங்'. சாப்பிடவோ படிக்கவோ தூங்கவோ போவது இந்தக் கணக்கில் வராது. சாப்பிடப் போனோம் என்பதற்கு 'வீ வென்ட் டு ஈட்' என்று 'டு' போட்டுவிடுங்கள், அல்லது 'வீ வென்ட் ஃபார் லன்ச்' என்று சொல்லிவிடுங்கள்.